கடந்து போகச் சம்மதம்

புன்னாலைக்கட்டுவனில் பூட்டிக் கிடந்த களஞ்சியத்தைத்
திறப்பு இல்லாமல்தான் திறந்தோம்.
துரு தானாகவே விட்டுக்கொடுத்தது.
உள்ளே பீப்பாக்கள்.
மூக்கைப் பொத்திக்கொண்டு நான் தமிழில் எண்ண
கொழும்பிலிருந்து வந்த உதேனி சிங்களத்தில் எண்ணினாள்.
இருவருக்கும் நாற்பத்தொன்றுதான் வந்தது.
அதில் ஏழு, அடி இற்றுப்போய்
தரையோடு ஒட்டி நின்றன.

நுளம்புக்கென்று வந்தது பாதி,
வெங்காயப் புழுவுக்கென்று வந்தது மீதி.
எழுத்தெல்லாம் உரிந்துவிட்டது,
மண்டையோடு மட்டும் சிரித்துக்கொண்டிருந்தது.
எந்தக் கப்பல், எந்த ஆண்டு, யாருடைய கையெழுத்து?
கச்சேரியில் கேட்டேன்.
அந்தக் கோப்பு இருந்த அறை
செல் விழுந்து எரிந்துபோனதாம்.

வரும்போது எவரும் எவரையும் கேட்கவில்லை.
போவதென்றால் ஐந்து நாடு சம்மதிக்க வேண்டும்:
அனுப்பும் நாடு, எரிக்கும் நாடு,
நடுவில் கப்பல் ஒதுங்கும் ஒவ்வொரு துறைமுகத்துக்கும்
ஒவ்வொரு நாடு.
ஆயிரத்து இருநூறு பாகைச் சூட்டில் எரிக்கும் உலை
பின்லாந்தில் இருக்கிறது.
அங்கிருந்து ஐரா எழுதினாள்:
எங்களுக்குச் சரி, கடல் உறைய முதல் அனுப்புங்கள்.
கடல் உறையும் என்பதை
நான் அன்றைக்குத்தான் மனதுக்குள் பார்த்தேன்.

படிவம் பதினாறு பக்கம்.
யார், எங்கே, எந்த வழியால்,
பிணை நிற்பது யார்?
எனக்கு இந்தக் கேள்விகளைத் தெரியும்.
பன்னிரண்டு வயதில் அம்மாவின் சேலையைப் பிடித்தபடி
பாஸுக்கு வரிசையில் நின்று கேட்டவை.
ஒன்றுதான் குறைந்தது.
எப்போது திரும்புவாய் என்ற கட்டம்
எந்தப் பக்கத்திலும் இல்லை.
இரவு பதினொரு மணிக்குக் கந்தோரில் தனியாக
அந்த இல்லாத கட்டத்தைப் பார்த்துச் சிரித்தேன்.

நாலு நாடு எழுதிவிட்டது.
ஐந்தாவதில் அதிகாரி மாறிவிட்டாராம்,
புதியவருக்கு மேசை இன்னும் கிடைக்கவில்லையாம்.
அதற்குள் மாரி வந்தது.
இங்கே செம்மண்ணுக்குக் கீழே சுண்ணாம்புக் கல்.
அதற்குப் படிவம் வாசிக்கத் தெரியாது,
மேலே விழுந்ததைக் கீழே கொடுத்துவிடும்.
களஞ்சியத்துக்குப் பின்வளவில்
சற்குணதேவியின் கிணறு.

"உந்த ஐஞ்சு நாடும் ஓமெண்டு சொல்லுமட்டும்
நான் எந்தத் தண்ணியிலை பிள்ளை உலை வைக்கிறது?
கொதிக்க வைச்சாப் போகாதோ?"
போகாது என்றேன்.
"அப்ப எவ்வளவு சூடு வேணும்?"
சொன்னேன்.
தன் அடுப்பைத் திரும்பிப் பார்த்தாள்,
பிறகு என்னை.

தை பிறந்து ஒன்பதாம் நாள்
ஐந்தாவது கடிதம்: ஆட்சேபனை இல்லை.
ஒரு வரி. அதற்குக் கீழே
வாசிக்க முடியாத ஓர் அழகான கையெழுத்து.
அந்த மனிதருக்கு மேசை கிடைத்திருக்க வேண்டும்.

புதிய உருளைகளுக்குள் பழைய பீப்பாக்களை இறக்கி
அன்ரன் றெஜினோல்ட்டின் லொறியில் ஏற்றினோம்.
முகமாலையில் இப்போது தடையில்லை,
என்றாலும் பழக்கத்தில் வேகம் குறைத்தார்.
அவர் அடையாள அட்டையைத் தொட்டுப் பார்த்ததை
நானும் உதேனியும் பார்த்தோம்,
ஒன்றும் பேசவில்லை.

துறைமுகத்தில் நிறுத்தார்கள்.
அறுநூற்றுப் பன்னிரண்டு கிலோ குறைவு.
காரணம்? அதற்கொரு சின்னக் கட்டம்.
"ஆவியாதல்" என்று எழுதினால் போதும் என்றார் ஒருவர்,
நல்ல மனிதர், எங்களுக்கு இரவு பஸ் இருந்தது.
உதேனி பேனையை என்னிடம் நீட்டினாள்.
அந்தக் கட்டத்துக்குள்
கிணற்று வளவின் இலக்கத்தை நெருக்கி எழுதினேன்.

கப்பல் போன மூன்றாம் கிழமை ஐரா கேட்டாள்:
இந்த இலக்கம் எந்த நாடு?
விளக்கி எழுதினேன்.
ஒரு பெட்டி வந்தது, பஞ்சு சுற்றிய
இரண்டு கண்ணாடிப் போத்தல்களோடு.
இதற்குப் படிவம் ஒரு பக்கம்தான்.

போத்தலைக் கழுவக்கூடாது என்று
கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது.
நான் மூடியைத் தேடித் திரும்புவதற்குள்
சற்குணதேவி ஒன்றைக் கழுவிவிட்டாள்.
வெளிநாட்டுக்குப் போற சாமான்,
ஊத்தையாய் அனுப்பலாமோ என்றாள்.
கழுவியதும் அந்தத் தண்ணீரில்தான்.

நல்லவேளை, மற்றது இருந்தது.